அச்சுச் சஞ்சிகையும் இணையமும்: சில குறிப்புகள்

இணையத்தின் வருகையோடு அச்சுச் சஞ்சிகையின் காலம் முடிந்துவிட்டது என்ற கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. இதற்கு மறுதலையாக, தாளிற் படிப்பதே உண்மையான வாசிப்பு எனக் கருதும் பழைமைப் பற்றும் உண்டு. இவ்விரு நிலைப்பாடுகளும் சாதனத்தைச் சமூகத்திலிருந்து பிரித்து நோக்குவதன் விளைவுகளேயாம். ஒரு சாதனம் எவர் கையில் உள்ளது, அது எத்தகைய மனித உறவுகளை உருவாக்குகின்றது என்னும் வினாக்களிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

ஈழத்துச் சஞ்சிகை வரலாற்றில் ‘மல்லிகை’ இதற்குத் தக்க சான்றாகும். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய இச்சஞ்சிகை 2012 வரை வெளிவந்தது. சாதியால் ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, சிகையலங்காரத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒருவர் ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் விற்பனையாளராகவும் விளங்கினார். இதழ்களைத் தாமே சுமந்து சென்று வாசகரிடம் கொடுத்தார். கல்வியும் செல்வமும் உடையோரின் தனியுரிமையாகக் கருதப்பட்ட இலக்கியக் களத்தில், வெளியீட்டுச் சாதனம் உழைப்பாளி ஒருவரின் கைக்கு வந்தமையே இதன் வரலாற்று முக்கியத்துவமாகும்.

இத்தகைய சஞ்சிகை ஓர் அமைப்பாகவும் இயங்கியது. ஆசிரியர் படைப்புகளைத் தெரிவு செய்தார். இளம் எழுத்தாளர் திருத்தங்களின் வழியே தேர்ச்சி பெற்றனர். ஓரிதழில் எழுந்த வாதத்துக்கு அடுத்த இதழில் மறுப்பு வந்தது. இரண்டுக்குமிடையே கிடைத்த கால அவகாசம் சிந்தனைக்கு உரியதாயிற்று.

எனினும் அச்சின் எல்லைகளை மறத்தலாகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பெறற்கரிய அச்சுச் செல்வங்கள் அழிந்தன. இறக்குமதித் தாளில் தங்கியிருக்கும் வெளியீடு எத்துணை பலவீனமானது என்பதை 2022 மார்ச் உணர்த்திற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் தாளின்றிப் பிற்போடப்பட்டன. ‘த ஐலண்ட்’, ‘திவயின’ ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் இடைநிறுத்தப்பட்டன. நாளேடுகளுக்கே இந்நிலையெனின், சந்தாவை நம்பிய சிற்றிதழ்களின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

இவ்வெல்லைகளை இணையம் பெருமளவு தகர்த்துள்ளது. 2000 ஆம் ஆண்டு முதல் கனடாவிலிருந்து வ. ந. கிரிதரன் நடத்தும் ‘பதிவுகள்’ புலம்பெயர்ந்தோரையும் தாயகத்தோரையும் ஒரே களத்தில் இணைத்தது. 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பழைய இதழ்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்துள்ளது. மல்லிகையின் இதழ்களும் அங்கு உள்ளன. அச்சினது நினைவை இன்று காத்து நிற்பது இணையமே என்னும் உண்மை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் மேற்கூறிய இரு முயற்சிகளையும் முகநூல் போன்ற தளங்களோடு ஒன்றாக எண்ணுதல் தவறாகும். முன்னையவை நம்மவரின் முயற்சியில் வளர்ந்தவை. பின்னையவை விளம்பர வருவாயை நோக்காகக் கொண்ட பெருநிறுவனங்களின் உடைமைகள். அங்கு எழுதுவோர் பிறர் காணியில் வாரத்துக்குப் பயிரிடும் குடியானவரை ஒப்பர். குடியானவருக்கு விளைச்சலிற் பங்கேனும் கிடைக்கும், இவர்களுட் பெரும்பாலோருக்கு அதுவுமில்லை. எது வாசகர் கண்ணில் படவேண்டும் என்பதை இலக்கியப் பெறுமானம் தீர்மானிப்பதில்லை. வாசகரின் கவனத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்ற கணக்கே தீர்மானிக்கின்றது. விவாதம் சச்சரவாகி, ஓரிரு நாள்களில் மறைந்தும் போகின்றது. எவரும் எழுதலாம் என்னும் சுதந்திரம் உண்மையானதே. ஆனால் எழுதியதைப் பொறுமையாகப் படித்துத் திருத்தித்தரும் ஆசிரியர் அங்கில்லை. இன்று மலையகத் தோட்டமொன்றிலிருந்து எழுதத் தொடங்கும் இளைஞருக்கு விருப்பக் குறிகள் நூறு கிடைக்கலாம்; அவரது கதையின் குறையைச் சுட்டிக்காட்டும் ஒருவர் கிடைப்பது அரிது.

எனவே அச்சா இணையமா என்னும் வினா பிழையாக எழுப்பப்பட்டதாகும். விரைவும் பரவலும் இணையத்துக்கு உரியனவாகிவிட்டன. தெரிவு, செம்மையாக்கம், தொடர்ச்சியான விவாதம் என்பன சஞ்சிகை வளர்த்தெடுத்த பணிகள். அவை எச்சாதனத்திலும் தொடரப்பட வேண்டியவை. குறைந்த பிரதிகளை அச்சிட்டு, அவற்றை எண்ணிம வடிவிலும் ஆவணப்படுத்தி, ஆசிரியர் குழுவொன்றின் கூட்டுப்பொறுப்பில் இதழ்களை நடத்துவது இன்று சாத்தியமானதே. இதற்கான உழைப்பையும் சந்தாவையும் வழங்க நாம் ஆயத்தமாக உள்ளோமா என்பதே எஞ்சியிருக்கும் வினாவாகும்.