மரபுவள இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகளின் அணுகலும்: கழுகுமலையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொல்லியல், இலக்கியம், நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளின் தரவுகள் இன்று இணையதளங்கள் வழியாகவே பெரிதும் பரவுகின்றன. இத்தளங்களைப் பார்வை, செவி, உடலியக்கம் ஆகியவற்றில் மாற்றுத்திறன் உடையோரும் பயன்படுத்தும் வகையில் அமைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடம்பூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தின் மரபுச் செல்வங்கள், குறிப்பாகக் கழுகுமலைச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அணுகல்தன்மை கணினிப் பொறியாளரின் பணி மட்டுமன்று, பாடம் வாசித்தல், விளக்கம் எழுதுதல் என்னும் ஆய்வாளரின் பணியும் அதில் அடங்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, திரைபடிப்பான், ஒருங்குறி, மாற்றுரை, கல்வெட்டுப் பதிப்பு, கழுகுமலை, கரிசல் வட்டாரம்

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டக் கரிசல் நிலத்தில் கடம்பூரைச் சூழ்ந்த ஊர்கள் பலவும் வரலாற்றில் இடம்பெற்றவை. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, 1882இல் பாரதியார் பிறந்த எட்டயபுரம், கி. ராஜநாராயணனின் இடைசெவல் ஆகியன இவ்வட்டாரத்தவை. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் கழுகுமலை உள்ளது. அங்குப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும், நூற்றுக்கும் மேற்பட்ட சமணச் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்தோரைக் குறிக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன.

சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவரால் இம்மலையின் பாறைச் சரிவில் ஏற இயலாது. பார்வையற்ற ஒருவர் துணையோடு ஏறினாலும், பாறை முகப்பில் உயரத்தில் உள்ள சிற்பங்கள் அவர் கைக்கு எட்டமாட்டா. தேய்ந்த வட்டெழுத்தை விரல்களால் தடவிப் படித்தலும் இயலாது. நேரில் காண இயல்பவர்க்கு இணையதளம் ஒரு துணை. மேற்குறித்த இருவர்க்கோ அதுவே மலையை அடைவதற்கான வழி. அவ்வழியும் அடைபடுமாயின் அவர்கள் கழுகுமலையை ஆராயும் வாய்ப்பையே இழப்பர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். எனவே இது ஒரு சிலரின் சிக்கலன்று.

சட்டமும் தரமும்

உலகளாவிய வலை இணையம் என்னும் அமைப்பு இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான நெறிமுறைகளை முதன்முதலில் 1999இல் வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவற்றின் அடுத்தடுத்த பதிப்புகள் வெளிவந்தன. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரிந்துகொள்ளத்தக்கதாக, பல்வேறு கருவிகளிலும் உறுதியாகச் செயல்படுவதாக அமைதல் வேண்டும் என்பன இந்நெறிமுறைகளின் நான்கு அடிப்படைகள்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி வெறும் பரிந்துரையின் தன்மையோடு நின்றதை உச்சநீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் (2024 நவம்பர் 8) ஆராய்ந்தது. அவ்விதி சட்டத்தின் நோக்கத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. ஆகவே அணுகல்தன்மை என்பது இரக்கத்தின்பாற்பட்ட சலுகையன்று, சட்டம் வழங்கும் உரிமையாகும்.

எழுத்துருவும் எழுத்தும்

திரைபடிப்பான் என்பது திரையில் உள்ள உரையைக் குரலாகவோ புடையெழுத்தாகவோ மாற்றித்தரும் மென்பொருள். ஆத்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ இலவசமாகக் கிடைப்பது. தமிழையும் படிக்க வல்லது. ஆயின் எழுத்து எழுத்தாகவே பதிவாகியிருந்தால் மட்டுமே அது படிக்கும்.

தமிழ்த் தளங்களில் இதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டச்சு செய்தால் கண்ணுக்குத் தமிழ்ச்சொல் தெரியும். கணினியில் பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. திரைபடிப்பான் அக்குறிகளையே ஒலிக்கும். ஒருங்குறியில் அமைந்த உரையைக் குரலாக மாற்றுவதோடு, 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறைக்கும் தானியங்கியாக மாற்ற இயலும்.

இரண்டாவது, ஒளிவருடிய பக்கங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் திட்டமும் அரிய நூல்கள் பலவற்றைப் பக்கப் படங்களாகக் காத்துள்ளன. அழிவிலிருந்து மீட்க அதுவே முதற்படி. எனினும் பார்வையற்ற ஆய்வாளர்க்குப் படமாக உள்ள பக்கம் வெற்றுத்தாளே. இதற்கு மாறாக, 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத்திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த உரைகளையே வெளியிட்டது. அவ்வுரைகள் திரைபடிப்பானுக்கு எளிதில் வசப்படுகின்றன. பக்கப் படத்தை அகற்ற வேண்டியதில்லை; எழுத்துணரி மென்பொருளால் பெற்று மனிதரால் திருத்தப்பட்ட உரையை அதனோடு இணைத்தலே வேண்டுவது. மேலும் ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் மொழி தமிழ் எனக் குறிக்கப்பட வேண்டும். அக்குறிப்பு இல்லையேல் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

கல்வெட்டுப் பாடம் செவியில் விழும்போது

கழுகுமலைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. சமண ஆசிரியர்களான குரவர்களையும் பெண்பால் ஆசிரியர்களான குரத்தியரையும் அவற்றில் காண்கிறோம். தமிழகப் பெண்கல்வி வரலாற்றுக்கு இவை முதன்மைச் சான்றுகள்.

கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பும்போது அவற்றைப் பகர அடைப்புக்குள் இடுவது மரபு. மீட்க இயலாத இடங்கள் புள்ளிகளால் காட்டப்படும். கண்ணால் படிப்பவர் கல்லில் உள்ளதையும் ஊகத்தையும் நொடியில் பிரித்தறிவார். என்விடிஏ போன்ற திரைபடிப்பானின் இயல்பான அமைப்பிலோ அடைப்புக்குறிகள் ஒலிக்கப்படுவதில்லை. விளைவாக, பதிப்பாசிரியரின் ஊகம் கல்வெட்டின் சொல்லாகவே செவியில் விழுகிறது. ஒரு குரத்தியின் பெயரில் பாதி ஊகமாக இருப்பினும், கேட்பவர் அதனை முழுப்பெயராகவே மேற்கோள் காட்டக்கூடும். உரை ஒருங்குறியில் இருந்தும், தளம் தரச் சோதனையில் தேறியும், ஆய்வுண்மை இங்கே இழக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வு, ஊகம், சிதைவு, திருத்தம் ஆகியவற்றைக் குறியீடுகளால் மட்டும் காட்டாது பொருளோடு குறித்து வைப்பதாகும். கல்வெட்டியலாளர் உலகளவில் கையாளும் எபிடாக் என்னும் குறிமுறை இதற்கு உதவும். அம்முறையில் குறிக்கப்பட்ட ஒரே பாடத்திலிருந்து, கண்ணுக்கு அடைப்புக்குறியோடு ஒரு வடிவத்தையும், செவிக்கு ‘இங்கு மூன்று எழுத்துகள் சிதைந்துள்ளன’, ‘இச்சொல் பதிப்பாசிரியர் ஊகம்’ என்னும் சொற்களோடு மற்றொரு வடிவத்தையும் பெறலாம்.

நாள், திங்கள், ஆண்டு ஆகியவற்றின் குறியீடுகளுக்கும் பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் இது பொருந்தும். பின்னக் குறியீடுகள் பல 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. எனினும் குறியீடு ஒருங்குறியில் இருப்பதனாலேயே எல்லாத் திரைபடிப்பான்களும் அதனை ஒலித்துவிடும் எனக் கொள்ளுதல் கூடாது. அருகில் சொல்வடிவமும் தரப்பட வேண்டும்.

சிற்பத்தைச் சொல்லால் காட்டுதல்

படத்திற்கு ஈடாக எழுதப்படும் உரை மாற்றுரை எனப்படும். ‘படம் 1’, ‘கழுகுமலைச் சிற்பம்’ என்பன மாற்றுரை ஆகமாட்டா. வெட்டுவான் கோயிலின் படத்திற்குப் பின்வருமாறு எழுதலாம்:

‘ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்ட கோயில். சுற்றிலும் பாறை அகழ்ந்து நீக்கப்பட்டுள்ளது. சிகரமும் மேற்பகுதிச் சிற்பங்களும் நிறைவு பெற்றுள்ளன. அடிப்பகுதி செதுக்கி முடிக்கப்படாமல் பாறையாகவே நிற்கிறது.’

இந்நான்கு தொடர்களால், பணி மேலிருந்து தொடங்கி இடையில் நின்றது என்பதைப் படிப்பவர் தாமே உய்த்துணர முடிகிறது. இதுபோன்றே, விமானத்தின் தென்முகத்தில் உள்ள புகழ்பெற்ற உருவத்தை ‘தட்சிணாமூர்த்தி’ என்று மட்டும் குறித்தல் போதாது. ‘அமர்ந்த நிலையில் மத்தளம் இசைக்கும் சிவன், ஆய்வாளர் இவ்வுருவத்தைத் தட்சிணாமூர்த்தி என்பர்’ எனக் காட்சியை முன்னும் கருத்தைப் பின்னும் வைத்தல் வேண்டும். காட்சியையும் கருத்தையும் பிரித்தெழுதினால்தான், அவ்வடையாளத்தோடு உடன்படவோ மறுக்கவோ பார்வையற்ற ஆய்வாளர்க்கும் இடம் கிடைக்கும்.

ஒலி, ஒளிப் பதிவுகள்

அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து கழுகுமலை முருகனைப் பாடுவது. வில்லுப்பாட்டும் இவ்வட்டாரத்தில் வழங்கும் கலை. இவற்றின் பதிவுகளை வெளியிடும்போது, செவி மாற்றுத்திறனாளிகளுக்காகக் காலத்தோடு இயைந்த உரைவரிகளும் முழு எழுத்துப்படியும் தேவை. பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்திவிடாது கரிசல் வழக்கிலேயே பதிவுசெய்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் தருதல் முறை. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இப்பணிக்குத் துணைபுரியும். இசைக்கருவி மாறுதல், கூட்டத்தின் பின்பாட்டு முதலியனவும் உரைவரியில் குறிக்கப்பட வேண்டும்.

பிறவியிலேயே செவித்திறன் இழந்தோர் பலர்க்குச் சைகைமொழியே முதன்மொழி. அவர்கள் செந்தமிழ் உரைநடையை இரண்டாம் மொழியாகவே கற்கின்றனர். ஆதலால் ஒவ்வொரு பகுதிக்கும் எளிய தமிழில் ஒரு சுருக்கமும், இயன்றவரை சைகைமொழிக் காணொலியும் அமைதல் நலம்.

இயக்கமும் தோற்றமும்

கைகளை நுட்பமாக இயக்க இயலாதோர் சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே தளத்தை இயக்குவர். நிலப்படம், காலக்கோடு, தமிழ் எழுத்துகளைத் தேர்ந்து சொடுக்கும் தேடல் பெட்டி ஆகிய மூன்றும் அவர்களுக்குத் தடையாகும் இடங்கள். நிலப்படத்தோடு ஊர்ப்பட்டியலையும், தேடலில் நேரடித் தட்டச்சையும் அமைத்தால் இத்தடை நீங்கும்.

மரபுவளத் தளங்கள் பழஞ்சுவடியின் தோற்றம் வேண்டிச் சந்தன நிறப் பின்னணியில் பழுப்பு எழுத்துகளை இடுவதுண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தாயின் 3:1 இருத்தல் வேண்டும் என்பது நெறிமுறைகளின் இடைத்தரம். அழகு கருதி இதனைக் கைவிட்டால், குறைந்த பார்வையுடையோரும் முதியோரும் படிக்க இயலாது போகும்.

பணிப்பகிர்வு

தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்றுரை உள்ளதா என்பதைச் சொல்லும். அது சரியா என்பதைச் சொல்லமாட்டா. சிற்பத்தை விளக்கச் சிற்பவியல் அறிந்தவரும், கல்வெட்டைக் குறிக்கப் பாடம் வாசிக்கத் தெரிந்தவரும், பேச்சை எழுத்தாக்க வட்டார வழக்கு அறிந்தவரும் வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இதனை மாணவர் திட்டப்பணியாக மேற்கொள்ளலாம். ஒரு மாணவர் பத்துச் சிற்பங்களுக்கு விளக்கம் எழுதினால், அது அவருக்குக் கூர்ந்து நோக்கும் பயிற்சியும் ஆகும். தளம் வெளியாவதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகளான ஆய்வாளர்கள் அதனைப் பயன்படுத்திப் பார்த்துக் குறைகூற வழிசெய்தல் இன்றியமையாதது.

காப்புரிமையும் இதற்குத் தடையன்று. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் ஆக்க இடமளிக்கிறது. அச்சுநூல்களைப் படிக்க இயலாதோர்க்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

முடிவுரை

ஒருங்குறி உரை, பொருளோடு குறிக்கப்பட்ட கல்வெட்டுப் பாடம், காட்சியைக் கருத்திலிருந்து பிரித்துரைக்கும் மாற்றுரை, வழக்கு மாறாத எழுத்துப்படி ஆகிய நான்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி திறக்கின்றன. அவற்றாலேயே கல்வெட்டுகள் தேடத்தக்கனவாகின்றன, சிற்பங்கள் ஒப்பிடத்தக்கனவாகின்றன, வாய்மொழி வழக்காறு சொல்லாய்வுக்குத் தரவாகிறது. எனவே அணுகல்தன்மையைத் தளம் முடிந்தபின் சேர்க்கும் இணைப்பாகக் கருதாது, தரவு திரட்டும் நாளிலிருந்தே ஆய்வு முறையியலின் ஒரு கூறாகக் கொள்ளுதல் வேண்டும். கழுகுமலையில் சிற்பம் செய்வித்தோர் தம் பெயரை அதன் அடியிலேயே பொறித்து வைத்தனர். அப்பெயர்களைக் கல்லில் உள்ளவாறே, ஊகம் ஊகமென அறியும் வகையில், பார்வையற்ற ஓர் ஆய்வாளரும் பெறும்போதே அப்பதிப்பு நிறைவுடையதாகும்.