மழையை மூன்று விதமாய் எழுதட்டும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் பதுளை, பசறைப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் கட்டுரை மனனம் செய்யும் சத்தம்தான். அதே பிள்ளையை வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள். "நான் நலம், தாங்கள் நலமா" என்றதோடு பேனா நின்றுவிடும். சலாம் சொல்லி, தம்பிக்குப் பல் விழுந்ததை எழுதலாமே! வாப்பா தேடுவது அதைத்தானே.

அறிவித்தலுக்கு நடை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அத்தகைய சரிவுகளில் வாழும் நம் மாகாணத்துப் பிள்ளைகள், "இன்ன இடத்தில் நிலம் வெடித்திருக்கிறது, இன்ன நேரம் கண்டோம், உடனே விலகுங்கள்" என்று மூன்றே வரியில் எழுதப் பழக வேண்டாமா? அங்கே "வானம் அழுதது" என்ற வர்ணனை உதவாது. கதையில் தாராளமாக அழட்டும்.

ஆசிரியைகள் ஒரே தலைப்பைப் பல நடையில் எழுதவைக்கலாம். நாற்பது கொப்பி திருத்துபவருக்கு அது சிரமம்தான். ஆகவே சகோதரிகளே, வீட்டிலும் தொடங்குங்கள். அடுத்த மழைநாளில் மூத்தம்மாவுக்குக் கடிதமாகவும், அயலாருக்கு அறிவித்தலாகவும், தங்கைக்குக் கதையாகவும் அந்த மழையையே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.