பேறுகாலமும் வட்டிக் கடனும்

கைத்தறி வீட்டில் கூலி கணவன் பெயரில் எழுதப்படினும், அவ்வுழைப்பில் மனைவிக்கும் பங்குண்டு. தார் சுற்றித் தருபவள் பெரும்பாலும் அவளே. ஏழாம் மாதத்தில் அவள் கை ஓய்ந்தால் தறியும் தளர்கிறது. வட்டி மட்டும் தளர்வதில்லை.

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 20,000 ரூபாய் வாங்கியவர், பத்து மாதத்தில் 10,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். முதல் அப்படியே நிற்கும். அவ்வட்டி எங்கிருந்து வருகிறது? பாலையும் முட்டையையும் குறைத்து, தாயின் தட்டிலிருந்தே வருகிறது. ஆதலால், பெட்டியில் நகை இருப்பின், அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு ஈடு வைத்து, இக்கடனை முதலில் தீர்ப்பதே நன்று என்போம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்துள்ளது என்பதையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

வளைகாப்புக்கும் கடன் வாங்குவோருடன் நாம் வாதிடப் போவதில்லை. கண்ணாடி வளையலும் கலந்த சாதமும் போதுமென மாமியாரே சொல்லிவிட்டால் அப்பேச்சு முடிந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும், இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கின்றன. கருவுற்ற 12 வாரத்திற்குள் பதிவு செய்துகொள்க. பணம் தவணைகளாக வருவது. ஒரு பகுதி குழந்தை பிறந்த பின்னரே கைக்கு வரும். அதைக் காட்டி எவரிடமும் கடன் வாங்கற்க. அது தாயின் உணவுக்குரியது.

சங்கத்திற்கே பாக்கி உள்ளவர்கள், ஏழாம் மாதம் பிறக்குமுன் காரியதரிசியைக் கண்டு தவணையைத் தள்ளிவைக்க மனுச் செய்க. தவணை தவறிய பின் வரும் மனுவைவிட, முன்னரே வரும் மனுவை நிர்வாகக் குழு பரிசீலிப்பது எளிது.