கீசருக்குள் இரண்டாவது சுவிட்ச்

“தெர்மோஸ்டாட் போயிருச்சு சார், இப்போதைக்கு டைரக்டா கொடுத்திருக்கேன்.” கீசர் பழுது பார்க்க வரும் எலக்ட்ரீஷியனிடமிருந்து இதைக் கேட்காத வீடு குறைவு. சுடுநீர் வந்துவிடுகிறது, வேலை முடிந்தது என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். எலிமென்ட்டுக்கு மின்சாரம் எப்போது போதும் என்று சொல்ல இனி அந்தக் கருவிக்குள் எதுவும் இல்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

குளியலறைச் சுவரில் தொங்கும் 15 லிட்டர் கீசரில் பெரும்பாலும் 2 கிலோவாட் எலிமென்ட் இருக்கும். 27 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்குச் சுமார் 17 நிமிடம் போதும். நிறுத்த ஆளில்லாவிட்டால் அடுத்த சுமார் 21 நிமிடத்தில் 100 டிகிரியை எட்டிவிடும். ஆபத்து அதற்கு மேல்தான். மூடிய டேங்கில் அழுத்தம் ஏறினால் நீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நீராகவே இருக்கும். டேங்க் விரிசல் விட்டு அழுத்தம் விழுந்த கணத்தில் அதில் ஒரு பகுதி சட்டென ஆவியாகும். ஆவியான நீர் பழைய அளவைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கீசர் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெடிப்பது இப்படித்தான்.

இதைத் தடுக்க உள்ளே இரண்டு கருவிகள் உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட். கம்பி வகையில், பித்தளைக் குழாய்க்குள் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவைக் கம்பி இருக்கும். சூட்டில் பித்தளை நீளும், இன்வார் அநேகமாக அசையாது. அந்த நீள வித்தியாசம் ஒரு சுவிட்சைத் தள்ளித் திறக்கிறது. இந்தக் கலவையை 1896-இல் கண்டறிந்த கியோம் 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நீர் ஆறியதும் சுவிட்ச் தானே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு குளியலுக்கும் பலமுறை இப்படித் திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் 9 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை அறுக்கும். வருடக்கணக்கில் இப்படி உழைத்தபின் தொடுமுனைகள் கருகும், சில நேரம் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எலிமென்ட் நிற்காது.

அந்த நாளுக்காக இருப்பதுதான் கட்-அவுட். தெர்மோஸ்டாட்டின் எல்லையைவிட மேலே, வழக்கமாக 80, 90 டிகிரி வாக்கில் திறக்கும். நல்ல கட்-அவுட் தானாக மூடிக்கொள்ளாது. கவரைக் கழற்றி, பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் மீளும். வயரிங்கில் முக்கியமானது இது: உள்ளே வரும் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் கட்-அவுட்டுக்குப் போக வேண்டும், அது இரண்டையும் ஒருசேரத் துண்டிக்க வேண்டும். ஒரு கம்பியை மட்டும் துண்டித்தால் என்ன? பிளக்பாயின்ட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது நம் வீடுகளில் அபூர்வமல்ல. அப்போது துண்டிக்கப்படுவது நியூட்ரலாகிவிடும். எலிமென்ட்டின் உறையும் பொத்துப் போயிருந்தால், மின்சாரம் நீர் வழியாக எர்த்துக்கு ஓடி, சூடேற்றுவதைத் தொடரும். இந்த இடத்தில் காப்பாற்றுவது, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மட்டுமே. அது இல்லாத வீட்டில் கீசர் மாட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தின் டான்டன் நகரில் 2004-இல் நடந்தது இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதது. சுடுநீர் சிலிண்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகி, நீர் நிற்காமல் கொதித்தது. அந்தக் கொதிநீர் குழாய் வழியே ஏறி, பரணில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டியது. தொட்டி இளகிச் சரிந்து, கீழே உறங்கிய கைக்குழந்தை இறந்தது. இன்று அங்கே விற்கும் இம்மர்ஷன் தெர்மோஸ்டாட்டுகளில் இரண்டாவது துண்டிப்பும் சேர்ந்தே வருகிறது.

நம்மூரில் கட்-அவுட் விழுந்தால் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அது ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம். போர் தண்ணீர் ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு: எலிமென்ட்டின் மேலும் தெர்மோஸ்டாட் நுழையும் குழாயின் மேலும் உப்பு கெட்டியாகப் படியும். அந்தப் படிவு சூட்டை நீருக்குப் போகவிடாது. எலிமென்ட்டும் அதை ஒட்டிய பகுதிகளும் அளவுக்கு மீறிச் சுடும். டேங்கைத் திறந்து உப்பைச் சுரண்டாமலும், தெர்மோஸ்டாட்டை மாற்றாமலும் பொத்தானை மட்டும் அழுத்துவது அதே கதையை மறுபடி தொடங்குவதுதான்.

டிஜிட்டல் கீசர்களில் கம்பிக்குப் பதில் சென்சார். பரவலாக இருப்பது என்டிசி தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10,000 ஓம், 60 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம். சூடு ஏற ஏற மின்தடை குறையும். இதன் வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஆகிவிடும், போர்டுக்கு அது “தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கிறது” என்று படும். எழுதப்பட்ட நிரல் சரியில்லை என்றால், நிறுத்தாமல் சூடேற்றும். சென்சார் தன் குழியிலிருந்து நழுவி வெளியே தொங்கினாலும் இதே விளைவு, ஆனால் இதைப் போர்டு கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அறைச் சூட்டை நீரின் சூடாக நம்பும். ஆகவே சென்சாரைக் குழியின் அடிவரை செருகி, கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அதன் மெல்லிய வயரை 230 வோல்ட் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. போர்டு, ரிலே, செயலி எத்தனை இருந்தாலும் அவை எதையும் நம்பாத இயந்திரக் கட்-அவுட் தனியாக, மின்சாரம் நேராக அதன் வழியே போகும்படி இருக்க வேண்டும். பழைய கீசரில் வைஃபை சுவிட்ச் பொருத்துகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்தால், மெயினை அணைத்து டெஸ்டரால் சோதித்தபின் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளையும் இணைக்கும் குட்டி வயர் இருக்கிறதா, கட்-அவுட்டின் இருபுறமும் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டையும் ஒன்றாகவே புதிதாக மாற்றச் சொல்லுங்கள். கடையில் சாமான் வர இரண்டு நாளாகும் என்றால், அந்த இரண்டு நாளும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கலாம்.