பனி மூடும் முன் நிரம்பும் குழிகள்: லடாக்கின் வீட்டுத் தோட்டமும் உணவுச் சேமிப்பும்

புதுதில்லி: நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத் தொடருக்குத் தில்லி தயாராகும் நாள்களில், அங்கிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள லே நகரைச் சுற்றிய கிராமங்களில் ஆண்டின் மிக முக்கியமான வேலை முடிந்துபோயிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கும் கேரட்டும் டர்னிப்பும் நிலத்தடிக் குழிகளுக்குள் இறங்கியிருக்கும். கூரை மீது உலர்த்திய கீரையும் ஆப்ரிகாட் பழமும் மூட்டைகளில் கட்டப்பட்டிருக்கும். மீண்டும் மண்ணில் பச்சை துளிர்க்க ஐந்தாறு மாதங்கள் ஆகும் என்பது அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

சமவெளி நகரங்களில் வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு. தக்காளி விலை ஏறும்போது நினைவுக்கு வரும் சிக்கனம். லடாக்கில் அது குளிர்காலத்தைக் கடக்கும் வழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,74,289 பேர் வாழும் இப்பகுதியில் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. மே முதல் செப்டம்பர் வரையிலான குறுகிய காலத்தில் விளைவதைக் கொண்டே ஆண்டு முழுவதும் உண்ண வேண்டிய நிலை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது.

மூடிக்கொள்ளும் கணவாய்கள்

லடாக்குக்கு வரும் முக்கியச் சாலைகள் இரண்டு. ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை ஜோஜிலா கணவாயைக் கடக்கிறது. மணாலியிலிருந்து வரும் சாலை பாராலாச்சா, தாங்லாங் போன்ற இன்னும் உயரமான கணவாய்களைத் தாண்டி வருகிறது. பனி விழத் தொடங்கினால் இரண்டும் மூடப்படும். முன்பெல்லாம் ஜோஜிலா மட்டுமே ஐந்தாறு மாதங்கள் அடைபட்டிருக்கும். அக்காலத்தில் லேவுக்குப் புதிய காய்கறி வர வேண்டுமானால் விமானம் ஒன்றே வழி. விமானக் கட்டணமும் சேர்ந்த விலையில் ஒரு கிலோ தக்காளி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருளானது.

இதனால்தான் எல்லையில் உள்ள படைகளுக்கும் உணவு பெரும் கவலையாக இருந்தது. 1962-ல் லேவில் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடம் அந்தக் கவலையின் விளைவே. இன்று பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் இயங்கும் அந்த உயர்மலை ஆராய்ச்சி நிறுவனம், கடுங்குளிரைத் தாங்கும் காய்கறி ரகங்களைத் தேர்ந்தெடுத்து உள்ளூர் விவசாயிகளிடம் சேர்த்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெங்காயம், பட்டாணி என வீட்டுத் தோட்டத்தின் பட்டியல் நீண்டது. உபரி விளைச்சல் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் ராணுவ முகாம்களுக்குச் சென்றது. லே கடைத்தெருவின் நடைபாதையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து தங்கள் தோட்டத்துக் காய்களை விற்கும் காட்சி இந்த மாற்றத்தின் அடையாளம்.

மண்ணே குளிர்பதனப் பெட்டி

லடாக்கின் சேமிப்பு முறைக்கு மின்சாரம் தேவையில்லை. மேற்பரப்பு உறைந்து கிடக்கும்போதும் சில அடி ஆழத்தில் மண் உறைவதில்லை. அதே வேளையில் கிழங்கு முளைவிடும் அளவுக்கு வெப்பமும் இல்லை. இந்த இடைநிலையே குழியின் ரகசியம். கிழங்குகள் வெட்டுக்காயம் இல்லாதவையாகப் பொறுக்கப்பட்டு, ஈரம் உலர்ந்த பிறகு உள்ளே வைக்கப்படுகின்றன. கேரட், முள்ளங்கி, டர்னிப் ஆகியவை மண்ணால் மூடப்படுகின்றன. முட்டைக்கோஸை வேரோடு பிடுங்கி அடுக்குவதும் உண்டு. மேலே வைக்கோலும் மண்ணும் பரப்பி, ஆள் இறங்க ஒரு சிறு வாய் மட்டும் விடப்படுகிறது. அழுகிய ஒரு கிழங்கு குழி முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், குளிர்காலம் நெடுகக் குழியைத் திறந்து பார்த்துக் கெட்டவற்றை அகற்றுவது வீட்டுப் பெண்களின் வழக்கமான வேலை. வெங்காயத்துக்குக் குழியின் ஈரம் ஆகாது. அது வீட்டினுள் உலர்ந்த இடத்தில் தனியே வைக்கப்படுகிறது.

இரண்டாவது வழி உலர்த்துதல். காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு, வெயில் கடுமையானது என்பதால் கீரையும் டர்னிப் இலையும் விரைவில் காய்ந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் இவை துக்பா, ஸ்கியூ போன்ற சூடான உணவுகளில் சேர்கின்றன. மூன்றாவது தானியம். வறுத்து அரைத்த பார்லி மாவான ங்காம்பே, உலர்ந்த பாலாடைக் கட்டியான சுர்ப்பே ஆகிய இரண்டும் மாதக்கணக்கில் கெடாதவை.

பசுங்குடிலின் கணக்கு

சேமிப்பு பழையது என்றால், குளிர்காலத்திலேயே பயிர் வளர்ப்பது புதியது. தொடக்கத்தில் பரவியது எளிய அகழி முறை. ஏறத்தாழ மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, மேலே பாலித்தீன் விரித்து, இரவில் கனத்த போர்வையால் மூடினால் கீரை பிழைத்துக்கொள்ளும்.

பின்னர் வந்தது சூரிய வெப்பப் பசுங்குடில். லடாக் சூழலியல் மேம்பாட்டுக் குழு போன்ற தொண்டு நிறுவனங்கள் இதைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றன. கிழக்கு, மேற்கு, வடக்கு ஆகிய மூன்று பக்கமும் மண்கல்லால் இரட்டைச் சுவர்; இரண்டுக்கும் இடையே வைக்கோல் நிரப்பு. தெற்குப் பக்கம் மட்டும் சாய்வாகப் பாலித்தீன். பகலில் சுவர் உறிஞ்சும் வெப்பம் இரவில் மெல்ல வெளியேறிச் செடியைக் காக்கிறது. வெளியே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 பாகையைத் தாண்டினாலும் உள்ளே பசலைக் கீரையும் கொத்தமல்லியும் வளர்கின்றன. மார்ச் மாதத்தில் அதே குடில் நாற்றங்காலாகிறது. மே மாதம் நிலம் இளகும்போது விதைக்குப் பதில் நாற்றே நடப்படுவதால் குறுகிய பருவம் சில வாரங்கள் நீள்கிறது.

சுவர் கட்டும் மண்ணும் உழைப்பும் ஊரிலேயே கிடைக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன்தான் வெளியிலிருந்து வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும். குடில் கட்டும்போது மானியம் கிடைத்தாலும், மாற்றும் செலவு வீட்டின் தலையில் விழுந்தால் கிழிந்த விரிப்போடு குடில் சும்மா நிற்கும். திட்டம் வெற்றி பெறுவதும் பெறாததும் இந்தச் சிறு செலவைப் பொறுத்தது.

நியாயவிலை அரிசியும் ரத்தசோகையும்

1974-ல் சுற்றுலாப் பயணிகளுக்கு லடாக் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் சாலைப் போக்குவரத்தும் மானிய விலைத் தானியமும் பெருகின. நெல் விளையாத மண்ணில் அரிசி அன்றாட உணவாயிற்று. பார்லி வயல்கள் சுருங்கின. பசிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது பெரும் சாதனையே. ஆனால் 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நியாயவிலைக் கடைகளில் உறுதியளிப்பது தானியத்தை மட்டுமே. காய்கறிக்கு அதில் இடம் இல்லை.

அந்த இடைவெளியின் விளைவைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2019-21-ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். லடாக்கில் இது 92 சதவீதத்துக்கும் அதிகம். மிக உயரமான இடங்களில் ஹீமோகுளோபின் அளவைத் திருத்திக் கணக்கிடும் முறை பற்றி நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரும்புச் சத்துக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்றும் கூறிவிட முடியாது. எனினும், அரை ஆண்டு பச்சைக் கீரை கிடைக்காத ஊரில் வீட்டுப் பசுங்குடில் மருத்துவ முக்கியத்துவம் உடையது என்பதை மறுப்பதற்கில்லை.

தண்ணீரும் எருவும்

தோட்டத்துக்கு வேறு இரு நெருக்கடிகளும் உள்ளன. முதலாவது தண்ணீர். விதைப்புக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் உயரத்துப் பனிப்பாறைகள் உருகத் தொடங்கியிருக்காது. இந்த இடைவெளியை நிரப்பவே பொறியாளர் செவாங் நோர்பெல் கிராமங்களுக்கு அருகே செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். அவருக்கு 2015-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குளிர்கால ஓடைநீரைக் கூம்பு வடிவில் உறையவைக்கும் பனி ஸ்தூபிகளை சோனம் வாங்சுக் அறிமுகப்படுத்தினார்.

இரண்டாவது எரு. தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறையில் மண்ணும் சாம்பலும் சேர்ந்து மக்கும் கழிவே லடாக்கிய வயலின் உரம். 2022-ல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைக் கடந்தது. விடுதிகள் பெருகப் பெருகத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகுகின்றன. ஒரே மாற்றம் தோட்டத்தின் தண்ணீரையும் எருவையும் சேர்த்தே பறிக்கிறது. விடுதி கட்டினால் கிடைக்கும் வருமானத்துக்கு முன்னால் முட்டைக்கோஸ் பாத்தி நிற்க முடிவதில்லை.

சுரங்கப் பாதைக்குப் பிறகு

சாலைகளோ மேம்பட்டு வருகின்றன. ரோத்தாங் கணவாயின் கீழ் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே மாதம் ஜோஜிலா சுரங்கப் பாதைப் பணியும் தொடங்கியது. பனி அகற்றும் பணி விரைவுபட்டதால் ஜோஜிலா 2023-ல் 68 நாள்களும், 2024-ல் 35 நாள்களும், 2025-ல் 32 நாள்களும் மட்டுமே மூடப்பட்டிருந்தது. லாரி வரும்போது குழி எதற்கு என்று இளைய தலைமுறை கேட்பதில் வியப்பில்லை.

அக்கேள்விக்கு அனுபவம் தரும் விடை எச்சரிக்கையானது. 2010 ஆகஸ்டில் லேவைத் தாக்கிய மேகவெடிப்பு வெள்ளம் சாலைகளையும் பாலங்களையும் துண்டித்தது. 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு கூடுதல் படைகளுக்காகக் குளிர்கால இருப்பைச் சேர்க்க அரசு இயந்திரம் முழுவதும் முடுக்கிவிடப்பட்டது. சாலை திறந்திருந்தாலும் அது யாருக்காக முதலில் ஓடும் என்பதை நெருக்கடி நேரமே முடிவு செய்கிறது.

2019 முதல் லடாக் சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம். மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் இடம் இல்லை. நிலத்துக்கும் வேலைக்கும் அரசமைப்புச் சட்டப் பாதுகாப்பு கோரி லேவும் கார்கிலும் சேர்ந்து நடத்திய போராட்டங்களைத் தில்லியில் பலர் எல்லைப்புற அரசியலாக மட்டுமே பார்த்தனர். நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்தலாம், ஓடைநீர் வயலுக்கா விடுதிக்கா என்ற கேள்விகளும் அவற்றுள் அடங்கியிருந்தன.

பசுங்குடிலின் பாலித்தீனை மாற்ற ஒரு சிறு உதவி, விளைச்சலை உரிய விலைக்கு வாங்கும் கூட்டுறவு, விதைப்புக் காலத்தில் தண்ணீர் ஆகியவை கோடிக்கணக்கில் செலவு கேட்பவை அல்ல. மலையைக் குடைந்து சாலை போடும் அரசுக்கு, அச்சாலை அடைபடும் நாளில் மக்களைக் காக்கப் போகும் குழியையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு உண்டு.