நீங்காத களைப்பு



காய்ச்சல் இறங்கிவிட்டால் நோய் தீர்ந்தது என்று கொள்வது நம் வழக்கம். இக்கணக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால், 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று பலர் வாழ்வில் அதனைப் பொய்யாக்கிவிட்டது. இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு, சிறிது உடல்வலி, இலேசான காய்ச்சல். அவ்வளவோடு போயிற்று என்றிருந்தவர்களுள் சிலர், மூன்று திங்கள் கழிந்த பின்னும் மாடிப்படியில் பாதி ஏறி நின்று மேல்மூச்சு வாங்குகின்றனர். அத்தகையவர் ஒருவர் உங்கள் வகுப்பிலேயே இருத்தல் கூடும்.

இவர்களுள் பலரிடம் தமக்குத் தொற்று வந்தது என்பதற்குச் சான்றே இராது. சோதனை செய்துகொள்ளாமல் கஷாயமும் கஞ்சியுமாக வீட்டிலேயே தேறியவர்கள் ஏராளம். நானும் அவர்களுள் ஒருவன். 2021 மே மாதத்தில் எனக்கு வந்த காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டது. ஆயினும் ஆகஸ்டு வரையில், முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகிய கால்கள் தெருமுனை வரை நடக்கவும் தயங்கின. வந்தது கொரோனாதானா? இன்றும் என்னால் உறுதியாகக் கூற இயலாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்பீர்கள். தடுப்பூசியும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறதன்றோ? அதிலும் நம் நாட்டுக் கோவாக்சின், முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து ஆக்கப்பட்டது. ஆதலின் அதனைப் போட்டுக்கொண்டவரிடம், எதிர்ப்பொருள் நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று பிரித்தறிவது அரிது.

இச்சிக்கலை உலகச் சுகாதார நிறுவனமும் உணர்ந்திருந்தது. 2021 அக்டோபரில் அது வகுத்த இலக்கணம், உறுதி செய்யப்பட்ட தொற்றுடன், வந்திருக்கக் கூடிய தொற்றையும் சேர்த்துக்கொள்கிறது. நோய் தொடங்கி ஏறத்தாழ மூன்று திங்களில் காணப்படுவது, குறைந்தது இரண்டு திங்கள் நீடிப்பது, வேறு நோயால் விளக்க இயலாதது என்பன அதன் கூறுகள். ‘நெடுங்கோவிட்’ என்று நாம் கூறத்தக்க ஆங்கிலப் பெயரை முதன்முதலாக வழங்கியவர் மருத்துவர் அல்லர். 2020 மே மாதத்தில், தாமே நோயுற்றிருந்த எலிசா பெரெகோ என்னும் இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர். நோயாளிகள் பேசத் தொடங்கிய பிறகே மருத்துவ உலகம் செவி சாய்த்தது.

கிருமி அகன்றும் துன்பம் அகலாதது புதுமையன்று. 2006இல் நம் மாநிலத்தில் பரவிய சிக்குன்குன்யாவை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். காய்ச்சல் விட்டுப் பல மாதங்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்களை அவர்கள் காட்டுவார்கள்.

இக்களைப்பு எங்கிருந்து வருகிறது? ஒரே காரணம் என்று சொல்வதற்கில்லை. சிலர் குடலில் கிருமியின் எச்சங்கள் மாதக்கணக்கில் தங்கியிருக்கக் கண்டுள்ளனர். சிலருக்கு, படையெடுப்பு முடிந்த பின்னும் கோட்டைக் காவலர் வாளை உறையிலிடாததுபோல, நோய் எதிர்ப்பாற்றல் ஓய்வதில்லை. இன்னும் சிலருக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் தடுமாறுகிறது. நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்காதபடி காப்பது அம்மண்டலம். அது தவறினால் இதயம் விரைந்தடித்து ஈடு செய்ய முயல்கிறது. எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு வளர்ந்தோருக்கு 30, உங்களைப் போன்ற 12 முதல் 19 வயதினருக்கு 40 என்ற அளவிலோ அதற்கு மேலோ உயர்ந்து நிலைத்தால் மருத்துவர் இதனை ஐயுறுவார். நுரையீரல் படத்தில் குறையின்றியும், பிராணவாயுவின் அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்குவதற்கு இஃதொரு காரணம்.

தசையிலும் தடயம் உண்டு. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் 25 நெடுங்கோவிட் நோயாளிகளையும் நலமுள்ள 21 பேரையும் மிதிவண்டிப் பயிற்சி செய்வித்து, முன்னும் பின்னும் அவர்கள் தொடைத் தசையில் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தனர். நோயாளிகளின் தசையணுக்களில் ஆற்றலை ஆக்கும் உறுப்புகள் குன்றிச் செயற்பட்டன; பயிற்சிக்குப்பின் தசையின் சிதைவும் மிகுந்தது. 2024இல் வெளியான இவ்வாய்வை, ‘எல்லாம் மனப்பிரமை’ என்போர் படிக்க வேண்டும்.

இங்கே நான் அறிந்த ஒரு செய்தி. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. முன்னர் ஓட்டத்தில் பரிசு பெற்றவள். பள்ளிகள் திறந்தபின் அவள் சோர்ந்து அமர்ந்திருந்ததைச் சோம்பல் என்றெண்ணிய ஓர் ஆசிரியர், திடலை நான்கு சுற்று ஓடச் செய்தார். அவளும் ஓடினாள். ‘பார்த்தாயா, முடிகிறதே!’ என்றார். மறுநாள் காலை அவளால் படுக்கையினின்று எழ இயலவில்லை. நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஓடிய பெண்ணுக்கு மறுநாள் என்ன வந்தது என்று நகைத்தவர்களும் உண்டு. உண்மையில் இந்நோயின் குறியே அதுதான். உழைப்பின் விளைவு உடனே தோன்றாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வந்து தாக்கும். ஆதலால் துன்புறுவோர் பொய்யராகத் தோன்றுகின்றனர்.

எனவே, முயன்று முயன்று உடலைப் பழக்கு என்னும் பொது அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. கைச்செலவுக்கு நாளொன்றுக்கு இருபது ரூபாய் பெறுபவன் பதினைந்தோடு நிறுத்துவதுபோல, களைக்கும் முன்பே ஓய வேண்டும். நான் என் அன்றாட வேலைகளைக் குறித்து வைத்து, குளித்தபின் அரைமணி, கடைக்குப் போய்வந்தபின் ஒருமணி என்று படுத்தெழுந்தேன். மூச்சு வாங்கும்போது முன்புறம் சாய்ந்தமர்ந்து, மூக்கால் இழுத்து, குவித்த உதடுகளின் வழியே மெல்ல விடுவதும் பயன் தந்தது. உறுதியாகத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் பலர் மாதங்கள் செல்லச் செல்லத் தேறுகின்றனர்.

ஆனால், எல்லாக் களைப்பையும் கொரோனாவின் தலையில் சுமத்துவதும் தவறு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தைராய்டுக் குறை, நீரிழிவு, ஆஸ்துமா, காசநோய், இதய நோய் ஆகியனவும் இதே வேடத்தில் வரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். மார்வலி, மயக்கம், உதடு நீலம் பாய்தல், ஒரு கால் மட்டும் வீங்குதல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழ்க் காட்டுதல் இவற்றுள் எது நேர்ந்தாலும், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.