10 நாள் லீவில் தாய்க்கு எத்தனை நாள்?

தாராவியில் வசிக்கும் நெல்லைச் சீமைத் தொழிலாளி அவர். வருஷத்துக்கு ஒரு தடவை 10 நாள் லீவு. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் போக 2 இரவு, வர 2 இரவு. ஊரில் மிச்சம் 6 நாள்.

அதற்குள் அம்மன் கோவில் கொடை, மாமியார் வீடு, துக்கம் விசாரிப்பு, தாலுகா ஆபீஸ் வேலை. போன வருஷம் தாயாரிடம் உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு சாயங்காலம்!

டிரங்குப் பெட்டி

சிறு வயதில் அவரும் காத்திருந்தவர்தான். தகப்பனார் பம்பாயில் இருந்து வரும் நாளில், விடியும் முன்பே பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவார். டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் வரும் சோப்பு வாசனை இன்னும் மறக்கவில்லை. தகப்பனார் திரும்பும் நாளில் பெட்டியை ஒளித்து வைத்து அழுதிருக்கிறார்.

பெட்டியை ஒளித்து வைக்கத் தாயாருக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

60 நாள்

2024 நவம்பர் முதல் ரெயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை முதல் 2 நாள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு.

போனில் சொன்னார். தாயார் கேட்டது ஒன்றுதான்:

"ஏய்யா, டிக்கெட்டு எடுத்துட்டியா?"